நடுவட்டத்தில் உட்கார்ந்த செத்ரிக்

செத்ரிக் கடைசியாகச் சிரித்தது எப்போது என்று அவருடைய மனைவி ஆனந்தமேரியிடம் ஒருமுறை கேட்டேன். "எங்க கல்யாண போட்டோவுல பாருங்க சார்" என்றார். பார்த்தேன். அதிலும் அவர் போட்டோகிராபரை முறைத்துக்கொண்டுதான் நிற்கிறார்.

கோபக்காரர் என்று ஒரே வார்த்தையில் சொல்லி அவரை ஒதுக்கிவிடுவது ஊருக்குச் சுலபமாக இருக்கிறது. கால்பந்து கோச் என்றால் கத்தத்தானே செய்வார் என்கிறார்கள். எனக்கு அவரை இருபது வருடத்துக்கு மேலாகத் தெரியும். நான் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். சனி, ஞாயிறுகளில் ரெஃப்ரி வேலைக்குப் போவேன். மைதானத்தில் அவர் என்னைத் திட்டாத திட்டு இல்லை. ஆனாலும் சொல்கிறேன், அது வெறும் முன்கோபம் இல்லை. அவரை அப்படி ஆக்கியவர்கள் எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்குகிறார்கள். இந்த மனிதர்தான் முப்பது வருடமாக எரிந்துகொண்டிருக்கிறார். நினைத்தால் எனக்கே வயிறு எரிகிறது.

செத்ரிக்கின் அப்பா அந்தோணி பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் எல்லோருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. பதினெட்டு வயதானால் பிரான்சுக்குப் போவது அந்தக் குடும்பங்களில் விழுப்புரத்துக்கு பஸ் ஏறுவது மாதிரி. அக்கா சபின் ஏற்கெனவே போயிருந்தார். செத்ரிக்குக்கும் டிக்கெட் வாங்கியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்துச் சென்னையில் ஒரு கம்பெனி அணியிலிருந்து ஆள் வந்தது. செத்ரிக் உயரமான பையன், தடுப்பாட்டத்தில் ஸ்டாப்பர் இடத்தில் நின்றால் தலைக்கு மேலே ஒரு பந்து போகாது. வேலையும் தருகிறோம், ஆட்டமும் ஆடலாம் என்றார்கள்.

"பிரான்சுல போயி ஆடேன்டா. அங்க இன்னா பந்து கெடையாதா?" என்று அப்பா கத்தினாராம்.

"அங்க எவன் பப்பா என்ன எடுப்பான்? இங்க கூப்புடறாங்க."

"பந்து ஒதைக்கிறவனுக்கு எவன்டா பென்ஷன் குடுப்பான்?"

செத்ரிக் சென்னைக்குப் போனார். அப்பா ஒரு வருடம் அவரோடு பேசவில்லை.

சென்னையில் நான்கு சீசன் ஆடினார். பிறகு கல்கத்தாவில் பெரிய கிளப் ஒன்று எடுத்துக்கொண்டது. அங்கே கால்பந்துக்காரன் டீக்கடைக்குப் போனால் காசு வாங்க மாட்டார்கள். தெருவில் போகிற கிழவர்கள்கூட நிறுத்தி, நேற்று ஏன் அந்த கார்னரில் முன்னால் ஏறினாய் என்று சண்டை பிடிப்பார்கள். செத்ரிக்குக்கு அது பிடித்திருந்தது. அவரை அவருடைய வேலைக்காக மதித்த ஊர் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது வருடம் இடது முட்டி வீங்கியது. கோப்பைக்கான அரையிறுதி வருகிறது. முட்டி மடங்கவில்லை, ஓய்வு வேண்டும் என்று கிளப் செயலாளரிடம் போய்ச் சொன்னார். அந்த மனிதர் வெற்றிலை மென்றுகொண்டே சொன்னாராம்.

"தாராளமா ஓய்வெடு. உன் இடத்துல ஆட ஆள் இருக்கு. ஆனா அடுத்த வருஷ காண்ட்ராக்ட் பத்தி நான் யோசிக்கணும்."

உடை மாற்றும் அறையில் பெஞ்சில் படுக்கவைத்து டாக்டர் ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் வலி காணாமல் போய்விட்டது. "ராஜா மாதிரி ஆனேன்" என்று செத்ரிக் என்னிடம் சொல்லியிருக்கிறார். "என் காலே இல்ல அது. கட்டயில செஞ்சு மாட்டுன மாதிரி. எவ்ளோ வேணா ஓடலாம்." அரையிறுதியில் ஜெயித்தார்கள். இறுதிப் போட்டிக்கும் ஊசி. பிறகு லீக் ஆட்டங்களுக்கும் ஊசி. சீசன் முடிவதற்குள் மற்றவர்கள் டீ குடிப்பது போல அவர் ஊசி போட்டுக்கொண்டார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. காண்ட்ராக்ட் என்ற ஒரு வார்த்தை மட்டும் அறையில் இருந்தது.

ஒரு காலைப் பயிற்சியில், பக்கத்தில் ஒரு ஆள்கூட இல்லாதபோது, பந்தை வாங்கத் திரும்பினார். முட்டிக்குள் என்னவோ கிழிகிற சத்தம் அவருக்கே கேட்டது. அதோடு முடிந்தது. வயது இருபத்துநான்கு. கிளப்பில் ஒரு சால்வை போர்த்தி ரயிலேற்றிவிட்டார்கள். ஊசி போட்ட டாக்டர்தான் சால்வை போர்த்தினார்.

சபின் அக்கா அவரைப் பிரான்சுக்குக் கூப்பிட்டுக்கொண்டார். அங்கே ஆஸ்பத்திரியில் முட்டியைத் திறந்து பார்த்த சர்ஜன் மறுநாள் படுக்கைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எத்தனை ஊசி என்று கேட்டார். செத்ரிக்குக்குக் கணக்கு தெரியவில்லை. போட்டவர் டாக்டரா என்று கேட்டார் சர்ஜன். ஆமாம் என்றார். படித்த டாக்டரா என்று மறுபடியும் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: ஆரம்பத்தில் அது சின்னக் கிழிசல், இரண்டு மூன்று மாதம் உட்கார்ந்திருந்தால் பத்து வருடம் ஆடியிருக்கலாம்.

"அதுவரைக்கும் எனக்கு வருத்தம்தான் சார் இருந்திச்சு. என் விதின்னு நெனச்சேன். அந்தாளு வந்து அப்படிச் சொன்னாரு பாருங்க, அன்னியிலேருந்து எனக்குத் தூக்கம் போச்சு."

அங்கேயே ஒரு கிடங்கில் வேலை கிடைத்தது. வேலைவிட்ட பிறகு பக்கத்து மைதானத்தில் பயிற்சி கொடுப்பதைப் பார்க்கப் போவார். அப்படியே பயிற்சியாளர் பாடம் கற்றுக்கொண்டார். அங்கேயே இருந்திருந்தால் இன்றைக்கு நல்ல பென்ஷன். ஏன் திரும்பி வந்தீர்கள் என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும்: "அங்க கோவப்படறதுக்கு ஆளே கெடைக்கலப்பா."

இங்கே வந்து ஆனந்தமேரியைக் கல்யாணம் செய்துகொண்டார். ஆனந்தமேரிக்கு மின்துறை அலுவலகத்தில் வேலை. கருவடிக்குப்பத்தில் வீடு. செத்ரிக் பள்ளிகளிலும் கிளப்புகளிலும் கோச்சாக இருந்தார். எங்கேயும் ரொம்ப நாள் நிலைக்கவில்லை. ஜெயிக்கவில்லை என்பதால் இல்லை, அவருடைய அணிகள் நன்றாகவே ஜெயித்தன. காரணம், ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் அவர் வைக்கிற ஒரு சோதனை. எல்லோரும் வரிசையாக நின்று ஒற்றைக் காலில் குதிக்க வேண்டும். முதலில் வலது, பிறகு இடது. அவர் முகத்தைத்தான் பார்ப்பார். இறங்கும்போது கண் சுருங்கினால், "ஒக்காரு." ஆட்டம் எதுவாக இருந்தாலும் சரி, ஆள் யாராக இருந்தாலும் சரி. பள்ளி முதல்வர்கள் கெஞ்சிப் பார்த்தார்கள், மிரட்டிப் பார்த்தார்கள். அவர் அவர்களையும் திட்டினார். வேலை போனது.

"ஊர்ல இருக்கற எல்லா ஸ்கூல் கேட்டையும் பாத்தாச்சு. இனிமே ஸ்கூல் கட்டினாத்தான் உண்டு" என்பார் ஆனந்தமேரி. அவர் சொல்வதில் கிண்டல் பாதி, களைப்பு பாதி. மாதாமாதம் வீடு ஓடியது அவருடைய சம்பளத்தில்தான்.

கடைசியாகச் செத்ரிக்கை எடுத்துக்கொண்டது வெண்கடல் கால்பந்து கிளப். ஊரில் உள்ள கிளப்புகள் சேர்ந்து நடத்துகிற லீகில் ஆடுகிற அணி. தலைவர் இராமதாஸ் இரண்டு ஓட்டல்களுக்குச் சொந்தக்காரர். வெள்ளைச் சட்டை, எப்போதும் சிரித்த முகம். செத்ரிக்கை எல்லோர் முன்னாலும் "முசியே, முசியே" என்று பிரெஞ்சு மரியாதையோடு தோளில் கை போட்டு அழைப்பார். செத்ரிக் அந்தக் கையைத் தட்டிவிடுவார். இரண்டு வருடத்தில் கடைசி இடத்திலிருந்த அணியை இறுதிப் போட்டிக்குக் கொண்டுவந்ததால் அதையும் இராமதாஸ் பொறுத்துக்கொண்டார்.

அந்த அணியின் ஃபார்வர்ட் வெற்றிவேல். காலாப்பட்டு மீனவக் குடும்பம். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் தொழிலாளி. ஷிப்ட் முடிந்து பைக்கில் நேராக மைதானத்துக்கு வருவான். இருபத்தைந்து வயது, கல்யாணமாகிக் கைக்குழந்தை. பந்து காலில் பட்டுவிட்டால் அவனைப் பிடிக்க லீகில் ஆள் கிடையாது. இறுதிப் போட்டியைப் பார்க்கச் சென்னையிலிருந்து ஒரு பெரிய நிறுவனத்தின் அணித் தேர்வாளர்கள் வருவதாகச் செய்தி வந்தது. ஒரு இடம் இருக்கிறது. நிரந்தர வேலை.

அதற்கு இரண்டு வாரம் முன்பு, ஒற்றைக் காலில் குதிக்கும்போது வெற்றிவேலின் கண் சுருங்கியது. செத்ரிக் அவனை அப்படியே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்தார். வலது பாதத்தின் வெளி ஓர எலும்பில் மயிரிழை போல ஒரு விரிசல். ஒன்றரை மாதம் கால் ஊன்றக் கூடாது என்றார் எலும்பு டாக்டர்.

இராமதாஸ் தன் ஓட்டலுக்கே செத்ரிக்கைக் கூப்பிட்டுப் பேசினார். நானும் அன்று வேறு வேலையாக அங்கே இருந்தேன்.

"முசியே, ஒரே ஒரு மேட்ச். பையன் வாழ்க்க அதுல இருக்கு."

"அவன் வாழ்க்க கால்ல இருக்கு."

"நம்ம டாக்டர் பாத்துக்குவாரு. ஒண்ணும் ஆவாது."

"அவுரு இன்னாத்த பாப்பாரு? ஊசி குத்துவாரு. எனக்கா தெரியாது?"

"பையனே ஆடறேங்கறானே முசியே."

"நானுந்தான் சொன்னேன்!" என்று செத்ரிக் மேசையில் அடித்ததில் காப்பி கொட்டியது. "அவன் சொல்லுவான்யா. வேலைன்னு சொன்னா குத்துன்னுதான் சொல்லுவான். வேணாம்னு சொல்றதுக்குத்தான் என்ன வெச்சிருக்க!"

வெற்றிவேலும் அவரிடம் தனியாக வந்து கெஞ்சியிருக்கிறான். என் கால், நான் ஆடுகிறேன், உங்களுக்கு என்ன என்று கேட்டிருக்கிறான். அவர் அசையவில்லை. ஒன்றுக்கு மட்டும் ஒத்துக்கொண்டார். ஜெர்சி போட்டுக்கொண்டு மாற்று ஆட்டக்காரர்களோடு உட்காரட்டும், சென்னைக்காரர்கள் அவன் பெயரையாவது பட்டியலில் பார்க்கட்டும் என்று விட்டார். அந்த இளகிய மனசைத்தான் இராமதாஸ் பயன்படுத்திக்கொண்டார்.

இறுதிப் போட்டி உப்பளத்து மைதானத்தில். எதிரே முத்தியால்பேட்டை அணி. அன்று நான் நான்காவது நடுவர். கோட்டுக்கு வெளியே நின்று, மாற்று ஆட்டக்காரரின் எண்ணைப் பலகையில் தூக்கிக் காட்டுவது என் வேலை. முதல் பாதியில் வெண்கடல் ஒரு கோல் பின்தங்கியது.

இடைவேளையில் செத்ரிக் உள்ளே அணியோடு பேசிக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் குடிக்கப் பின்பக்கம் போனேன். கேட்டுக்குப் பக்கத்தில் இராமதாஸின் கார் நின்றது. பின்கதவு திறந்து வெற்றிவேல் இறங்கினான். வலது காலில் ஷூ இல்லை, சாக்ஸ் கணுக்காலுக்குக் கீழே சுருட்டியிருந்தது. காருக்குள் கிளப்பின் டாக்டர் எதையோ பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். வெற்றிவேல் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஷூவை மாட்டினான்.

இரண்டாம் பாதி தொடங்கியதும் அணி மேனேஜர், இராமதாஸின் அக்கா மகன், மாற்றுச் சீட்டைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். கையெழுத்துப் போட அவருக்கு அதிகாரம் இருக்கிறது. நான் பலகையைத் தூக்கினேன். செத்ரிக் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். எண்ணைப் பார்த்தார். கோட்டருகில் நின்ற வெற்றிவேலைப் பார்த்தார்.

"குதிடா" என்றார்.

"கோச்..."

"ஒத்தக் கால்ல குதி."

வெற்றிவேல் வலது காலில் குதித்தான். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. பூனை மாதிரி இறங்கினான். முந்தின நாள் அந்தக் காலை ஊன்ற முடியாமல் சுவரைப் பிடித்து நடந்தவன். ஊசி போட்டிருக்கிறார்கள் என்று செத்ரிக்குக்குப் புரிந்துவிட்டது. அதற்குள் ரெஃப்ரி கை காட்ட, வெற்றிவேல் உள்ளே ஓடிவிட்டான்.

ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. இடது ஓரத்திலிருந்து வந்த பந்தை ஓடிவந்து அதே வலது காலால் அடித்தான். கோல்கீப்பர் அசையவில்லை. வலை அதிர்ந்தது. கூட்டம் எழுந்து கத்தியது. சென்னைத் தேர்வாளர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டியதை நானே பார்த்தேன்.

எல்லோரும் வெற்றிவேல் மேல் விழுந்து கொண்டாடிக்கொண்டிருந்தபோது செத்ரிக் மைதானத்துக்குள் நடந்தார். ஓடவில்லை, அவரால் ஓட முடியாது. இடது காலை இழுத்து இழுத்து நடுவட்டத்துக்குப் போனார். அங்கே உட்கார்ந்தார். அந்த முட்டி மடங்காது. அதனால் ஒரு காலை நேராக நீட்டிக்கொண்டு, கையை ஊன்றி, ரொம்பச் சிரமப்பட்டு உட்கார்ந்தார்.

ரெஃப்ரி ஓடிவந்து சிவப்பு அட்டையைக் காட்டினார்.

"காட்டிக்கோ. ஜெயில்ல கூடப் போடு. முதல்ல அவன வெளிய எடு. அவன் வெளிய போனாத்தான் எழுந்திருப்பேன்."

"சார், ஆட்டத்தை நிறுத்திடுவேன்."

"நிறுத்து!"

வெற்றிவேல் ஓடிவந்தான். அவர் கையைப் பிடித்து இழுத்தான். அழுதுகொண்டே இழுத்தான்.

"எழுந்திருங்க கோச்! அவங்க பாத்துக்கினு இருக்காங்க! என்ன நாசம் பண்ணாதீங்க!"

"வலிக்குதாடா?"

"வலிக்கல!"

"வலிக்கலன்றதுதான்டா எனக்குப் பயம்! மரமண்ட!"

வெற்றிவேல் அவர் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். அவர் பின்பக்கமாக விழுந்தார். மறுபடி கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். சட்டையெல்லாம் மண்.

ரெஃப்ரி என்னிடம் வந்து, வெற்றிவேலை வெளியே எடுத்தால் இவரை அனுப்பிவிட்டு ஆட்டத்தைத் தொடரலாம், கிளப்பிடம் கேளுங்கள் என்றார். நான் இராமதாஸிடம் போய்ச் சொன்னேன். முதல்முறையாக அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "என் ஆள எடுக்கச் சொல்ல அவன் யாருய்யா? போலீச விட்டுத் தூக்குங்க!" என்றார். தூக்க வந்தார்கள். அதைப் பார்த்து ஒரு பக்கக் கூட்டம் கம்பியைத் தாண்டிக் குதித்தது. அவர்களை அடிக்க மறுபக்கக் கூட்டம் குதித்தது. தண்ணீர் பாட்டில்கள் பறந்தன. ரெஃப்ரி விசில் ஊதி ஆட்டத்தை முடித்துவிட்டார். ஒருவர் செத்ரிக்கின் முகத்தில் துப்பினார். துப்பியவர் வெண்கடலின் ஜெர்சியைத்தான் போட்டிருந்தார்.

ஆட்டம் நின்றதற்கு வெண்கடல்தான் பொறுப்பு என்று கோப்பை முத்தியால்பேட்டைக்குப் போனது. சென்னைக்காரர்கள் அந்த வருடம் வேறு ஊர்ப் பையனை எடுத்துக்கொண்டார்கள்.

லீக் குழு விசாரணை வைத்தது. டீ, பிஸ்கட் எல்லாம் வைத்திருந்தார்கள். குழுத் தலைவர் செம்மல் நல்ல மாதிரியாகத்தான் ஆரம்பித்தார்.

"ஒரு மன்னிப்புக் கேட்டுடுங்க சார். ஆறு மாசத் தடையோட முடிச்சிக்கலாம்."

"ஊசி போட்டது யாரு?"

"அது இங்க விஷயம் இல்ல."

"அதுதான்யா விஷயம்!"

காரில் நான் பார்த்ததைச் சொன்னேன். செம்மல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சார், நீங்க ரெஃப்ரி. டாக்டர் இல்ல" என்றார். மற்றவர்கள் பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். விரிசல் விட்ட எலும்பில் ஊசி குத்தி ஒரு பையனை ஓடவிட்டவருக்கு ஒரு கேள்விகூடக் கிடையாது. ஓடாதே என்று தடுத்தவருக்கு மூன்று வருடத் தடை. எந்த அணிக்கும் கோச்சாக இருக்கக் கூடாது, லீக் ஆட்டம் நடக்கும் மைதானத்துக்குள் கால் வைக்கக் கூடாது. செத்ரிக் எழுந்தபோது நாற்காலி பின்னால் விழுந்தது. அதை நிமிர்த்தாமலே வெளியே போனார்.

இதையெல்லாம் அவர் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது அடுத்த வாரம் வீட்டுக்கு வந்தது. வெற்றிவேலின் மனைவி கார்குழலி, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு காலாப்பட்டிலிருந்து பஸ்ஸில் வந்து, கருவடிக்குப்பத்து வாசலில் நின்று கத்தினாள். நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

"எலும்பு டாக்டர்கிட்ட திரும்பப் போய்ட்டு வந்துட்டோம் சார். கடைசி வரைக்கும் ஆடியிருந்தா ஒடஞ்சிருக்குமான்னு கேட்டேன். இன்னா சொன்னாரு தெரியுமா? ஒடஞ்சிருக்கலாம், ஒடையாமலும் போயிருக்கலாமாம். இதுக்கா சார் எங்க வேலய கெடுத்தீங்க?"

"அம்மா, நீ உள்ள வா..."

"வரல! அவுருக்கு நிக்க முடியலன்னு சேதராப்பட்டுல காண்ட்ராக்ட்டும் போச்சு. உங்க காலு போனப்ப உங்களுக்கு பிரான்சு இருந்திச்சி. அக்கா இருந்தாங்க. வீட்டுக்காரம்மா கவர்மெண்டு சம்பளம் வாங்கறாங்க. எங்களுக்கு இன்னா சார் இருக்குது? அந்த ஒரு காலுதான் இருந்திச்சி. அத இன்னா பண்ணணும்னு நாங்க முடிவு பண்ணக்கூடாதா?"

செத்ரிக் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆனந்தமேரிதான் வெளியே வந்து, அழத் தொடங்கிய குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நீ சொல்றது எல்லாம் சரிம்மா" என்றார். "ஆனா இந்த மனுஷன் ராத்திரியில பாத்ரூம் போவ சொவத்தப் புடிச்சிக்கினு போறத நான் தெனம் பாக்கறேன். நீயும் அத பாக்க வேணாம்னுதான் அவுரு அப்படிப் பண்ணிட்டாரு. தப்பா சரியா, எனக்கும் தெரியல."

கார்குழலி குழந்தையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மறுநாள் செத்ரிக் சேதராப்பட்டுக்குப் போனார். அந்தக் கம்பெனி சூப்பர்வைசரிடம், உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது வெற்றிவேலுக்குக் கொடு என்று ஆரம்பித்தது, வழக்கம்போலக் கத்தலில் முடிந்தது. வாட்ச்மேன் கேட்டுக்கு வெளியே கொண்டுவந்து விட்டார். வேலை போனது போனதுதான். வெற்றிவேல் மாவுக்கட்டோடு அப்பாவுக்கு வலை பிரித்துக் கொடுத்துக்கொண்டு கரையில் கிடந்தான். செத்ரிக் ஒருமுறை பார்க்கப் போனபோது முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டானாம்.

கட்டுப் பிரித்து, கால் தேறி, அடுத்த சீசனில் வெற்றிவேல் வெண்கடலுக்கே திரும்பினான். புது கோச் வந்திருந்தார். சிரித்த முகம், இராமதாஸ் சொன்னால் சொன்னதுதான். சீசன் நடுவில் வெற்றிவேலின் கால் மறுபடி வலிக்க ஆரம்பித்தது. மறுபடி கார், மறுபடி அதே டாக்டர். இந்த முறை யாரும் நடுவட்டத்தில் உட்காரவில்லை. கோப்பை கிடைத்தது. சென்னைக்காரர்கள் மறுபடி வந்து பார்த்தார்கள். வெற்றிவேலுக்கு நிரந்தர வேலை கிடைத்துவிட்டது.

கார்குழலி லட்டு டப்பாவோடு ஆனந்தமேரியைப் பார்க்க வந்தாள். நன்றி சொல்லவா, குத்திக்காட்டவா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியவில்லை. ஒருவேளை இரண்டும்தான். செத்ரிக் டப்பாவைத் தொடவில்லை. அவள் போன பிறகு கேட்டார்: "எத்தன ஊசின்னு கேட்டியா?"

"சந்தோஷமா வந்தவகிட்ட அதையா கேப்பாங்க?" என்று ஆனந்தமேரி ஒரு லட்டை எடுத்துக் கடித்தார். "நல்லாத்தான் இருக்குது. வேணும்னா சாப்பிடுங்க, இல்லாட்டி சும்மா இருங்க."

அவர் சும்மா இருக்கவில்லை. இந்த வருடம் பொங்கல் கழிந்து என்னைக் கூப்பிட்டார். சென்னையில் அந்த நிறுவனத்தின் அணி ஆடுகிறது, போய்ப் பார்க்க வேண்டும் என்றார். அங்கே அவருக்குத் தடை இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை பஸ்ஸில் கிளம்பினோம். செத்ரிக் மடங்காத காலை பஸ்ஸின் நடைபாதையில் நீட்டிக்கொண்டு, ஏறுகிறவர்கள் இறங்குகிறவர்கள் எல்லோரையும் திட்டிக்கொண்டே வந்தார். மகாபலிபுரம் வருவதற்குள் கண்டக்டரும் அவரும் ஜென்ம விரோதிகள் ஆகிவிட்டார்கள்.

ஆட்டம் முழுக்க அவர் பந்தைப் பார்க்கவில்லை. வெற்றிவேலின் வலது காலை மட்டும் பார்த்தார். வெற்றிவேல் கோல் அடிக்கவில்லை, ஆனால் மோசமாகவும் ஆடவில்லை. "திரும்பும்போது எடய எங்க போடறான் பாருங்க சார்" என்று என் தொடையில் குத்தினார். "உள் பக்கமா சாயறான். அவனுக்கு வலிக்குது. இந்த மடப்பசங்க எவனுக்கும் தெரியல."

ஆட்டம் முடிந்து எல்லோரும் கலைந்துகொண்டிருந்தபோது வெற்றிவேல் எங்களைப் பார்த்துவிட்டான். கொஞ்சம் தயங்கினான். பிறகு கம்பி வேலியருகே வந்தான்.

"வாங்க கோச். எப்ப வந்தீங்க?"

"எத்தன ஊசி?"

"விடுங்க கோச்..."

"எத்தனடா?"

"அங்க மூணு. இங்க வந்து ஒண்ணு." பிறகு அவசரமாகச் சொன்னான். "அவ்ளோதான் கோச். பர்மனென்ட் ஆயிடுச்சு. இனிமே போட மாட்டேன்."

"நானும் இதத்தான்டா சொன்னேன்! ஒவ்வொரு வாட்டியும் இதத்தான் சொன்னேன்!" சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "வேல கெடச்சிச்சி இல்ல? அப்புறம் இன்னாத்துக்கு இங்க ஒண்ணு? எவன் போட்டான்? எவன் போடச் சொன்னான்?"

வெற்றிவேலுக்கும் கோபம் வந்தது, கழுத்து நரம்பு தெரிந்தது. திட்டப்போகிறான் என்று நினைத்தேன். அவன் வேலிக் கதவைத் திறந்து வெளியே வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து, வலது ஷூவைக் கழற்றினான். சாக்ஸையும் கழற்றிவிட்டுக் காலை நீட்டினான்.

செத்ரிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு படி கீழே இறங்கி உட்கார்ந்தார். அந்தப் பாதத்தைத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டு கட்டைவிரலால் வெளி ஓரமாக அழுத்திக்கொண்டே வந்தார்.

"வலிக்குதா?"

"இல்ல கோச்."

"பொய் சொன்ன, இங்கயே அறைஞ்சிடுவேன்."

"கொஞ்சம்."

இன்னொரு இடத்தில் அழுத்தினார். வெற்றிவேல் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினான்.

செத்ரிக் அவன் காலைக் கீழே வைத்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பெவிலியன் ஓரம் நாற்காலி போட்டு அந்த அணியின் மேனேஜர் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். நல்ல உடை, கழுத்தில் அடையாள அட்டை. செத்ரிக் காலை இழுத்துக்கொண்டு அவரை நோக்கி நடந்தார். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். மேனேஜர் யாரென்று தெரியாமல் மரியாதையாக எழுந்து கை நீட்டினார்.

"சார், நீங்க?"

"நான் இன்னா பெரிய ஆளா? அத விடு. உன் ஃபார்வர்டோட ஷூவக் கழட்டிக் காலப் பாத்தியா நீ?" என்று ஆரம்பித்தார் செத்ரிக்.

வெற்றிவேல் ஷூவைக் கையில் பிடித்தபடி எங்கள் பின்னால் வந்து நின்றிருந்தான். அவரைத் தடுக்கவில்லை.